மூடிக்குக் கீழே இருக்கும் தண்ணீர்

மட்டாஞ்சேரியிலும் ஃபோர்ட் கொச்சியிலும் ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களுக்கும், வீட்டு முற்றத்திலோ மொட்டை மாடியிலோ ஜக்கூஸி வைத்திருக்கிறவர்களுக்கும்,



மிளகும் சுக்கும் மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்த பஜார் ரோட்டுக் கிடங்குகளில் சில இன்று கஃபே, சில கண்காட்சிக் கூடம், சில தங்கும் விடுதி. 2012 டிசம்பரில் கொச்சி-முசிறிஸ் பினாலே தொடங்கிய பிறகு இந்த மாற்றம் இன்னும் வேகம் பிடித்தது. அறை வாடகையைக் கூட்ட முதலில் ஏசி வந்தது, பிறகு நீச்சல் குளம். குளம் வெட்ட இடமில்லாத வீடுகளுக்கு வெந்நீர்த் தொட்டி வந்தது. பெரும்பாலோர் அதை ஜக்கூஸி என்கிறார்கள். அது ஒரு குடும்பத்தின் பெயர். இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்குப் போன ஜக்கூஸி சகோதரர்கள் பம்பு செய்து விற்றவர்கள். மூட்டுவாதத்தால் அவதிப்பட்ட தன் குழந்தைக்காக அவர்களில் ஒருவர் குளியல் தொட்டிக்குள் வைக்கும் பம்பைச் செய்தார். மருத்துவக் கருவியாகப் பிறந்தது பின்னாளில் சொகுசுப் பொருளானது.

விருந்தாளி மாறினால் படுக்கை விரிப்பும் துண்டும் ஃபோர்ட் கொச்சியில் வெளி என்ற பகுதியிலுள்ள தோபிகானாவுக்குப் போகின்றன. டச்சுக்காரர் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்து தங்கிய குடும்பங்களின் வாரிசுகள் இன்றும் அங்கே கல்லில் அடித்துத் துவைத்து, கஞ்சி போட்டு, வெயிலில் உலர்த்தி, இஸ்திரி போட்டுத் தருகிறார்கள். தலையணை உறைக்குக் கிடைக்கும் இந்தக் கவனிப்பு பல இடங்களில் தொட்டித் தண்ணீருக்குக் கிடைப்பதில்லை. முந்தின நாள் நாலு பேர் இறங்கி எழுந்த அதே தண்ணீர். மூடியைத் தூக்கி, சூடேற்றி, குமிழி விட்டால் அடுத்தவருக்குத் தயார் என்ற நினைப்பு.

ஏன் மாற்றவில்லை என்று கேட்டால் காரணம் நியாயமாகத்தான் இருக்கும். மேற்குக் கொச்சியில் தண்ணீரின் அருமையை யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. சுற்றிலும் காயல், தோண்டினால் உப்பு. குழாய் வருவதற்கு முந்தைய காலத்தில் ஆலுவாயிலிருந்து வள்ளத்தில் நல்ல தண்ணீர் வந்து இறங்கிய ஊர் இது. 2023 தொடக்கத்தில் பாழூர் பம்பு நிலையத்தில் மோட்டார்கள் பழுதானபோது மேற்குக் கொச்சி வீடுகள் வாரக் கணக்கில் டேங்கர் லாரிக்குக் குடத்தோடு காத்திருந்தன. அப்படிப்பட்ட ஊரில் 1,500 லிட்டரைச் சாக்கடையில் திறந்துவிட யாருக்கு மனசு வரும்? ஆனால் அந்தச் சிக்கனத்துக்கு விலை கொடுப்பது பணம் கட்டி வந்து இறங்குகிற விருந்தாளி. தண்ணீரை மாற்றக் கட்டுப்படியாகாது என்றால், அந்த வீட்டுக்கு ஜக்கூஸியும் கட்டுப்படியாகாது என்றுதான் அர்த்தம்.

தண்ணீரை எப்போது மாற்றுவது என்பதற்கு இந்தத் தொழிலில் புழங்கும் ஒரு கணக்கு உண்டு. தொட்டியின் கொள்ளளவை அமெரிக்க கேலனில் எடுத்து மூன்றால் வகுத்து, தினமும் இறங்குகிறவர்களின் எண்ணிக்கையால் இன்னொரு முறை வகுக்க வேண்டும். 1,500 லிட்டர் என்பது ஏறத்தாழ 400 கேலன். தினம் நாலு பேர் என்றால் 33 நாள். எட்டுப் பேர் என்றால் 16 நாள்தான். பினாலே மாதங்களில் அறைகள் நிரம்பி வழியும்போது எட்டு என்பது பெரிய எண்ணிக்கை இல்லை. இந்தக் கணக்கும் மருந்து ஒழுங்காகப் போடப்படுகிற தொட்டிக்குத்தான்.

கேரளத்தில் இதை எழுத வேண்டியிருப்பதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. மூளையைத் தாக்கும் அமீபா நோய் மாநிலத்தில் முதலில் 2016இல் ஆலப்புழையில் பதிவானது. பல ஆண்டுகள் எப்போதாவது ஒன்று என்றிருந்த செய்தி 2024இல் அடிக்கடி வரத் தொடங்கியது. 2025 செப்டம்பர் நடுவில் அந்த ஆண்டின் கணக்கு 69 நோயாளிகள், 19 மரணங்கள் என்று பத்திரிகைகள் எழுதின. இந்த நோயைத் தரும் அமீபாக்களில் ஒன்றான நெக்ளேரியா ஃபௌலெரி உள்ள தண்ணீரைக் குடித்தால் ஒன்றும் செய்யாது. மூக்கில் ஏறினால் அங்கிருந்து நேரே மூளைக்குப் போய்விடும். அதற்கு வெதுவெதுப்பு பிடிக்கும், 46 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். ஜக்கூஸி ஓடுவது 37க்கும் 40க்கும் இடையில்.

நோய் தொற்றிய இடங்களாகப் பேசப்பட்டவை பெரும்பாலும் குளம், ஆறு, கிணறு. அதனால், நம்முடையது குழாய்த் தண்ணீர்தானே என்று ஒரு தைரியம் இருந்தது. 2025 செப்டம்பரில் அந்தத் தைரியம் ஆட்டம் கண்டது. திருவனந்தபுரம் ஆக்குளம் சுற்றுலா கிராமத்து நீச்சல் குளத்தில் குளித்த 17 வயது இளைஞருக்கு நோய் உறுதியானதும் சுகாதாரத் துறை அந்தக் குளத்தை மூடிப் பரிசோதனைக்குத் தண்ணீர் எடுத்தது. அதற்குச் சில நாள் முன்புதான், ஆகஸ்ட் 30, 31 தேதிகளில், ‘ஜலமாணு ஜீவன்’ இயக்கத்தின் பேரில் மாநிலம் முழுக்கக் கிணறுகளுக்கும் தண்ணீர்த் தொட்டிகளுக்கும் குளோரின் போட்டார்கள். ஹோம்ஸ்டேக்காரர்களும் கிணற்றில் போட்டார்கள். எத்தனை பேர் ஜக்கூஸியை நினைத்துப் பார்த்தார்கள்?

கிணற்றுக்கான அளவை இதற்கு அப்படியே எடுத்துக்கொண்டாலும் பயனில்லை. கிணற்றுக்கு வழக்கமான அளவு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர். பவுடர் நயமாக, 33 சதவீதம் குளோரினோடு இருந்தால், லிட்டருக்கு 0.8 மில்லிகிராம் வரும். ஈரம் பட்டுக் கட்டி தட்டிய பவுடரில் அதுவும் வராது. வெந்நீர்த் தொட்டியில் லிட்டருக்குக் குறைந்தது 3 மில்லிகிராம் குளோரின் எப்போதும் இருக்க வேண்டும், பிஎச் 7.0க்கும் 7.8க்கும் நடுவில் நிற்க வேண்டும் என்கிறது அமெரிக்க நோய்த் தடுப்பு மையம். சூடும் குமிழியும் குளோரினை விரட்டிவிடும். வியர்வையும் அழுக்கும் மிச்சத்தைத் தின்றுவிடும். காலையில் போட்டோம் என்பது மாலைக்குச் செல்லாது. ஒவ்வொரு முறை ஆள் இறங்கும் முன்னும் பரிசோதனைப் பட்டையை முக்கி நிறம் பார்ப்பதுதான் வழி.

இன்னொரு விஷயம், டிசிசிஏ 90. நீச்சல் குளக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் மாத்திரை, மெதுவாகக் கரையும், விலையும் கட்டுப்படியாகும். அதில் குளோரினோடு சயனூரிக் அமிலமும் சேர்ந்து வருகிறது. திறந்த வெயிலில் கிடக்கும் பெரிய குளத்துக்கு அது உதவி, ஏனென்றால் வெயில் குளோரினை அழிக்காமல் காக்கும். சின்னத் தொட்டியில் அந்த அமிலம் ஆவியாகாமல் வாராவாரம் சேர்ந்துகொண்டே போய், குளோரினின் கையைக் கட்டிப்போட்டுவிடும். பட்டையில் நிறம் நன்றாகக் காட்டும், கிருமியோ சாகாது. ஜக்கூஸிக்கு இந்த வகை வேண்டாம். பிளீச்சிங் பவுடரும் சுண்ணாம்பாகப் படிந்து ஹீட்டரைக் கெடுக்கும். திரவ சோடியம் ஹைப்போகுளோரைட் பழகிக்கொண்டால் தொல்லை குறைவு. பிஎச் குறைக்கும் அமிலத்தை மட்டும் அதே வாளியிலோ அதே அலமாரியிலோ வைக்கக் கூடாது. இரண்டும் கலந்தால் எழும் வாயு நுரையீரலை எரிக்கும்.

கேரளத்துக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு: எண்ணெய். காலையில் ஆயுர்வேத உழிச்சல், அது முடிந்ததும் நேராக ஜக்கூஸி என்று பேக்கேஜ் போட்டு விற்கிறார்கள். உடம்பு முழுக்கத் தைலத்தோடு ஒருவர் இறங்கினாலே போதும், அன்றைய குளோரினில் பெரும்பங்கு அதற்கே தீர்ந்துவிடும். நீர்மட்டத்தில் வழவழவென்று ஒரு வளையம் படியும், ஃபில்டரின் மடிப்புகளில் பிசுக்கு ஏறும். பயத்தமாவு தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் தொட்டி என்று விருந்தாளியிடம் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். கோயில் குளத்திலேயே காலைக் கழுவிவிட்டு இறங்குகிற ஊர் இது.

தொட்டி சுத்தமா என்று பார்க்கக் கருவி இல்லாத நேரத்திலும் ஒரு வழி உண்டு. நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே உட்சுவரில் விரலால் தேய்த்துப் பாருங்கள். வழுக்கினால் அங்கே கிருமிகள் தங்களுக்கென ஒரு படலம் கட்டிக்கொண்டு குடியேறிவிட்டன என்று பொருள். சுவரில் இருந்தால் கண்ணுக்குத் தெரியாத ஜெட் குழாய்களில் இன்னும் கூடுதலாக இருக்கும். தண்ணீர் கண்ணாடி போல இருப்பது எதையும் நிரூபிக்காது. குப்பென்று அடிக்கும் குளோரின் நெடியும் நல்ல சேதி இல்லை, வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து செலவாகிப்போன குளோரினின் நெடி அது.

இறங்காதவர்களையும் இந்தத் தொட்டி விட்டுவைக்காது. மட்டாஞ்சேரி அரண்மனையை டச்சு அரண்மனை என்று சொல்லிப் பழகிய நமக்கு அந்த டச்சுக்காரர்களின் சொந்த நாட்டு உதாரணமே கைவசம் இருக்கிறது. 1999 பிப்ரவரியில் நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் ஊரில் மலர்க் கண்காட்சி நடந்தது. விற்பனைக்காக வைத்த ஒரு குமிழித் தொட்டி அங்கே ஓடிக்கொண்டிருந்தது. அதில் யாரும் குளிக்கவில்லை, குளிப்பதற்காக வைக்கவும் இல்லை. பூப் பார்க்க வந்து அந்தப் பக்கம் நடந்தவர்கள் அதன் நீர்த்திவலையைச் சுவாசித்தார்கள். லீஜியோனெல்லா என்ற பாக்டீரியா நுரையீரலுக்குள் போய் 180க்கும் மேற்பட்டோர் நோயில் விழுந்தார்கள், அவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு திருவிழாச் சந்தையில் காட்சிக்கு வைத்த வெந்நீர்த் தொட்டிகளாலும் இதே கதை நடந்தது. நம்முடைய நடுமுற்றங்கள் நாலு பக்கமும் அடைத்தவை. குமிழியை ஓடவிட்டுப் பக்கத்துத் திண்ணையில் வயதான விருந்தாளிக்குக் காலைச் சாப்பாடு பரிமாறும் வீட்டுக்காரர் இதை யோசிக்க வேண்டும்.

இனி மூடி.

மூடியிடம் நாம் எதிர்பார்ப்பது மூன்று: குழந்தை விழக் கூடாது, கொசு முட்டையிடக் கூடாது, சூடு வீணாகக் கூடாது. யானைக்கால் நோய்க்கு ஒரு காலத்தில் பேர்போன, இன்றும் டெங்குவோடு மல்லுக்கட்டும் ஊரில் இரண்டாவது சாதாரண விஷயம் இல்லை. நல்ல மூடி என்றால் நடுவில் உயர்ந்து ஓரங்களில் சரிந்த கெட்டி நுரைப் பலகை, மேலே வினைல் உறை, நாலு பக்கமும் பூட்டுகிற வார். மழை வழிந்து ஓடிவிடும். வாரைப் பூட்டினால் குழந்தையால் தூக்க முடியாது.

பல வீடுகளில் கண்ணில் படுவதோ நீலத் தார்ப்பாய், ஓரத்தில் நாலு செங்கல். அதைவிட மூடாமலே விட்டுவிடலாம் என்று சொல்லத் தோன்றும், அவ்வளவு மோசமான ஏற்பாடு அது. ஜூன் மழையில் நடுவில் குழிவிழுந்து மேலேயே ஒரு சின்னக் குளம் தேங்கும். கொசுவுக்கு அது போதும், தவழும் குழந்தை மூழ்கவும் அது போதும். ஓடிவரும் பிள்ளை தரை என்று நினைத்துக் கால் வைத்தால் பாயோடு உள்ளே போகும். மேலே பாய் மூடிக்கொள்வதால் பக்கத்தில் நிற்பவர் கண்ணிலும் படாது. சத்தமும் கேட்காது, குழந்தைகள் சத்தமில்லாமல்தான் மூழ்குகின்றன. தண்ணீர் மேல் மிதக்கவிடும் குமிழிப் பிளாஸ்டிக் விரிப்பும் இதே ரகம், சூடு காக்கும், உயிர் காக்காது.

கெட்டி மூடிக்கும் ஆயுள் உண்டு. உள்ளே நுரையில் ஈரம் இறங்கினால் மூடி கனக்கும். போன வருஷம் ஒரு கையால் தூக்கியதை இந்த வருஷம் இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தால் அது ஊறிவிட்டது, மாற்றியாக வேண்டும். கனத்த மூடியை வேலைக்காரர்கள் பாதி இழுத்துவைத்துவிட்டுப் போவார்கள், பூட்டும் மாட்ட மாட்டார்கள். குளோரின் போட்ட கையோடு மூடுவதும் தப்பு. பம்பை ஓடவிட்டு, இருபது நிமிடம் திறந்துவைத்து, வாயு கலைந்த பிறகு மூடினால் மூடியின் அடிப்பக்கம் பொடியாது, அடுத்து திறக்கிறவருக்கும் மூச்சு முட்டாது.

தொட்டிக்குள் இன்னொரு மூடியும் இருக்கிறது. அடியில் தண்ணீரை உறிஞ்சும் துளையின் மேல் உள்ள சின்னச் சல்லடை. 2002 ஜூனில் அமெரிக்க முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் ஏழு வயதுப் பேத்தி வர்ஜீனியா கிரேம் பேக்கர் ஒரு வெந்நீர்த் தொட்டியில் இந்தத் துளையின் உறிஞ்சலில் சிக்கிக்கொண்டாள். நீச்சல் தெரிந்த பெண். தாய் இழுத்துப் பார்த்தும் மீட்க முடியவில்லை. பெரியவர்கள் இரண்டு பேர் சேர்ந்து இழுத்தபோது சல்லடையே உடைந்துதான் வெளியே வந்தாள், அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அவள் பெயரிலேயே 2007 டிசம்பரில் அங்கே சட்டம் வந்தது. இங்கே உள்ளூர்க் கொத்தனார் ஓடு பதித்துக் கட்டிய தொட்டிகளில் ஒரே ஒரு உறிஞ்சு துளை, அதன் மேல் குளியலறைத் தரைக்குப் போடும் தட்டைச் சல்லடை என்று இருப்பதுண்டு. ஒரு முதுகு அதை முழுசாக அடைத்துவிடும். துளைகள் குறைந்தது இரண்டு வேண்டும், ஒன்றுக்கொன்று மூன்றடி தள்ளி, குமிழாக மேலெழுந்த சல்லடையோடு. சல்லடை உடைந்தால் அன்றைக்கே தொட்டியை மூடுங்கள். நம் வீட்டுப் பெண்களுக்கு நீளமான தலைமுடி, அதை அள்ளி முடிந்துகொண்டுதான் இறங்க வேண்டும். பம்பை நிறுத்தும் ஸ்விட்ச் வெளியே நிற்பவர் ஓடி எட்டுகிற தூரத்தில் இருக்கட்டும்.

குளிக்கிறவரின் உடம்பைப் பற்றியும் இரண்டு வார்த்தை. 40 டிகிரிதான் உச்சவரம்பு.  ஏப்ரல் புழுக்கத்தில், தொட்டியை விட்டு வெளியே வந்தாலும் வியர்வை ஆறாத கொச்சியில், 37 போதும். பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தவிர்ப்பது நல்லது. மது அருந்திவிட்டு இறங்கவே கூடாது. சூட்டில் ரத்தக் குழாய்கள் விரியும், பிரஷர் இறங்கும், எழுந்து நிற்கும்போது கண் இருட்டும். குளியல் தொட்டியில் யார் சாவார்கள் என்று கேட்கிறவர்களுக்கு 2018 பிப்ரவரி நினைவிருக்கும். சிவகாசிப் பக்கத்திலிருந்து போய் இந்தியா முழுக்க ஆண்ட நடிகை ஸ்ரீதேவி துபாய் ஹோட்டல் அறையில் நினைவிழந்து குளியல் தொட்டியில் மூழ்கி இறந்தார் என்றுதான் துபாய் அதிகாரிகள் வழக்கை முடித்தார்கள். தனியாக இறங்க வேண்டாம் என்ற பலகை, ஆங்கிலத்தில் மட்டும் எழுதாமல் மலையாளம், தமிழ், இந்தியிலும் இருக்கட்டும்.

மாடியில் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கணக்குப் போட வேண்டும். 1,500 லிட்டர் தண்ணீர் ஒன்றரை டன். தொட்டியின் எடை, உள்ளே ஐந்து பேர், எல்லாம் சேர்ந்து இரண்டு டன். இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் இடத்தில் பார்த்தால் சதுர மீட்டருக்கு 500 கிலோ. இந்தியத் தரக் குறியீடு ஐஎஸ் 875 வீட்டுத் தளத்துக்கு வைத்திருக்கும் அளவு 200 கிலோதான். நூறு வருஷத்து மர உத்தரத்தில், சுண்ணாம்புச் சாந்து மச்சின் மேல் இதை ஏற்றுவதற்கு முன் கட்டடப் பொறியாளரின் கையெழுத்து வேண்டும், தெரிந்த மேஸ்திரியின் தலையாட்டல் போதாது. மின்சாரத்துக்கும் அதேதான். மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி தனியாக இருக்க வேண்டும். காயல் காற்றின் உப்பு எல்லாத் தகரத்தையும் அரிக்கிற ஊரில் அதன் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும்.

கடைசியாக மழைக்காலம். ஜூனில் விருந்தாளிகள் வரத்து குறையும், தொட்டி மூடிக்குள் மாதக் கணக்கில் தூங்கும். மிக ஆபத்தான தண்ணீர் அதுதான். மருந்தும் இல்லை, ஓட்டமும் இல்லை. சீசன் முடிந்ததும் முழுசாக வடித்து, உட்சுவரைத் தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள். ஏடிஸ் கொசு முட்டை காய்ந்த சுவரில் மாதக் கணக்கில் ஒட்டிக் கிடந்து தண்ணீர் பட்டதும் பொரிக்கும், அதனால் தேய்க்காமல் வடிப்பதில் பாதிப் பயன்தான். அடி வால்வைத் திறந்தே வைத்துவிட்டு மூடியைப் பூட்டுங்கள். கொசு ஒழிப்புக்கான ஞாயிற்றுக்கிழமை வீட்டு ட்ரை டே அன்று பூந்தொட்டித் தட்டைக் கவிழ்க்கும்போது இதையும் எட்டிப் பாருங்கள். மறுபடி தொடங்கும்போது குழாய் கழுவும் மருந்தோடு ஒருமுறை நிரப்பி ஓட்டி, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். தேதி, குளோரின், பிஎச், சூடு, பார்த்தவர் பெயர் என்று ஐந்து கட்டம் போட்ட ஒரு நோட்டுப் புத்தகம் தொட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கட்டும். விருந்தாளி புரட்டிப் பார்த்தால் பார்க்கட்டும்.

விருந்தாளி ஊருக்குத் திரும்பும்போதும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். 2024இல் கோழிக்கோட்டில் 14 வயது மாணவன் ஒருவன் அமீபா நோயிலிருந்து பிழைத்தான். இந்தியாவில் அப்படிப் பிழைத்த முதல் ஆள் என்று அறிவிக்கப்பட்டான். குளித்த சேதியை வீட்டார் உடனே மருத்துவரிடம் சொன்னதும், அதனால் நோய் சீக்கிரம் கண்டுபிடிக்கப்பட்டதும்தான் அவனைக் காப்பாற்றின. குளித்த 12 நாளுக்குள் கடும் தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்துப் பிடிப்பு வந்தால் எந்தத் தண்ணீரில் குளித்தோம் என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டும். கேரளத்தில் இருப்பவர்கள் கூப்பிட வேண்டிய திஷா சுகாதார உதவி எண்கள் 104, 1056.